மூன்று சட்டை, முப்பத்தைந்து நட்சத்திரம்

ஆறு அங்குல நட்சத்திரம் ஒன்பது அங்குலமாக வேண்டும். தாமான் முனையில் இருக்கும் நகல் கடைக்குப் போய் 150 விழுக்காடு என்று சொன்னால் ஒரு பொத்தானை அழுத்துவார்கள், வேலை முடிந்தது. ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குவில்ட், தைக்கத் தொடங்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 150 என்ற கணக்கு சரிதான். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது முகக்கவசம் தைப்பதற்காக வாங்கிய தையல் இயந்திரங்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. சில வீடுகளில் அதன்மேல் துணி மடித்து வைக்கிறார்கள். சில வீடுகளில் பிள்ளைகள் தூங்கிய பிறகு அது ஓட ஆரம்பிக்கிறது. அந்த இரண்டாவது வகை வீடுகளிலிருந்து எங்கள் வானொலி நிகழ்ச்சிக்குப் புலனம் வழியாக அடிக்கடி குரல் பதிவுகள் வரும். பாட்டுக் கேட்பார்கள், கூடவே தைத்ததைப் படம் எடுத்தும் அனுப்புவார்கள். அப்படி வந்த ஒன்றுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கிள்ளானில் இருக்கும் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து இரண்டு ஆண்டாகிறது. அவர் உடுத்திய சட்டைகளில் பெரும்பாலானவற்றை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை மூன்று: ஒரு நீலக் கட்டம், ஒரு பழுப்புக் கோடு, ஒரு வெளிர் பச்சை. அம்மாவுக்கு வயது 78. அந்த மூன்று சட்டைகளும் அம்மாவின் அலமாரியில் இருந்தன. அவற்றை வெட்டிப் போர்வை தைக்கலாம் என்று சொன்னதும் அம்மா ஒரு வாரம் பேசவில்லையாம். பிறகு தாமாகவே எடுத்துவந்து மேசைமேல் வைத்து, “வெட்டி வீணாக்கிடாதே” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அக்கா என்னிடம் கேட்டது இது: “ஏன்மா, என்கிட்ட இருக்கிற நட்சத்திர மாதிரி ஆறு அங்குலம். எனக்குப் போர்வை அளவுக்கு வேணும். அதைப் பெருசாக்கினா துணி பத்துமா, பத்தாதா?”

வானொலி அறிவிப்பாளருக்குத் தெரிய வேண்டிய கேள்வியா இது என்று நினைக்கலாம். எனக்கும் ஊசி நூல் பழக்கம் உண்டு. அதைவிட, விழுக்காட்டுக் கணக்கும் வெட்டினால் திரும்பாத துணியும் ஒரே மேசையில் உட்காரும் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

தாளின்மேல் தையல்

முதலில், பழக்கமில்லாதவர்களுக்காக. பேப்பர் பீசிங் என்று சொல்லப்படுவது தாளையே அடித்தளமாக வைத்துத் தைக்கும் முறை. வரைபடத்தை ஒரு தாளில் அச்சிடுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று எண் இருக்கும். துணித் துண்டைத் தாளின் பின்பக்கம் வைத்து, முன்பக்கம் தெரியும் கோட்டின்மேல் தைக்க வேண்டும். பிறகு துணியைத் திருப்பி, அழுத்தி, மிச்சத்தை வெட்டி, அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். அதற்காகத்தான் தையலைச் சிறியதாக வைப்பார்கள்: வழக்கமான 2.5 மில்லிமீட்டருக்குப் பதில் 1.5. ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ பதினேழு துளைகள் விழும்போது தாள் தபால்தலை ஓரம்போல் கிழியும்.

இந்த முறையின் பெரிய பலம், கை எவ்வளவு கோணலாக வெட்டினாலும் கோடு நேராக இருந்தால் நட்சத்திரத்தின் முனை கூராக வந்துவிடும். பழைய சட்டைத்துணி துவைத்துத் துவைத்து மெலிந்து, இழுத்தால் நீளும். தாள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்காவுக்கு இந்த முறை பொருத்தம் என்று நான் சொன்னதற்கு அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அளவு. தாளில்லாமல் சாதாரணமாக வெட்டித் தைப்பவர்கள் ஒரு பிளாக்கின் அளவை மாற்றும்போது எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டும். மூன்றுக்கு மூன்று கட்டமுள்ள மாதிரியை ஏழு அங்குலமாக்கினால் ஒரு கட்டம் 2.333 அங்குலம். எந்த அளவுகோலில் அந்தக் கோடு இருக்கிறது? தாளுக்கு அந்தக் கவலை இல்லை. கோட்டை அச்சுப்பொறி போட்டுத் தருகிறது, நாம் அதன்மேல் தைத்துக்கொண்டு போகலாம். 7 அங்குலமோ 8.4 அங்குலமோ, தாளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

எதை எதால் வகுப்பது?

கணக்கு ஒரே வரி. வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 9ஐ 6ஆல் வகுத்தால் 1.5. நூறால் பெருக்கினால் 150 விழுக்காடு.

ஆனால் எந்த அளவு? குவில்ட் உலகில் ஒரே பிளாக்குக்கு இரண்டு அளவுகள் உண்டு. போர்வையில் தைத்து முடித்தபின் கண்ணுக்குத் தெரியும் அளவு ஒன்று. தைப்பதற்கு முன், நான்கு பக்கமும் கால் அங்குலம் விட்டுக் கையில் இருக்கும் அளவு இன்னொன்று. ஆறு அங்குல பிளாக் கையில் ஆறரை அங்குலமாக இருக்கும். கணக்கில் எப்போதும் முடிந்த அளவைத்தான் போட வேண்டும்.

ஆறரையை ஒன்பதரை ஆக்கப் பார்த்தால் என்ன ஆகும்? 146 விழுக்காடு என்று வரும். பார்க்க 150க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நட்சத்திரம் 8.76 அங்குலத்தில் நின்றுவிடும். ஒரு பிளாக்கில் கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஐந்தை வரிசையாக அடுக்கினால் 1.2 அங்குலம் குறையும். ஏற்கெனவே 45 அங்குலத்துக்கு வெட்டி வைத்த கரைத்துணி அப்போது தொங்கும்.

இப்போது அந்தக் கால் அங்குலம். வரைபடத் தாளில் தையல் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு, பெரும்பாலும் புள்ளிக்கோடாக, ஓடும். தையலுக்காக விடும் துணி அது. நகல் இயந்திரத்துக்கு எது தையல் கோடு, எது ஓரக்கோடு என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். 150 விழுக்காட்டில் கால் அங்குலம் முக்கால் அரை அங்குலமாகிவிடும், அதாவது எட்டில் மூன்று பங்கு. நம் தையல் இயந்திரத்தின் பாதமோ கால் அங்குலத்துக்குப் பழகியது.

இதன் விளைவை அக்காவின் நட்சத்திரத்தை வைத்தே பார்க்கலாம். நடுவில் ஒரு சதுரம், சுற்றி எட்டு முனைகள், நான்கு மூலையிலும் வெறும் சதுரம். பழைய மாதிரிதான், ஆங்கிலத்தில் சாடூத் ஸ்டார் என்பார்கள். தாளில் இதை நான்கு துண்டுகளாகப் பிரிப்பார்கள்: மேல் வரிசை, கீழ் வரிசை, நடுச்சதுரத்தோடு ஒரு பக்கம், எஞ்சிய இன்னொரு பக்கம். பெரிதான ஓரக்கோட்டில் வெட்டி, பழக்கத்தில் கால் அங்குலத்தில் தைத்தால் ஒவ்வொரு துண்டும் கால் அங்குலம் கூடிவிடும். மேல் வரிசை ஒரே துண்டு, அதனால் 9.25 அங்குலம். நடு வரிசை இரண்டு துண்டு, அதனால் 9.5. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. நட்சத்திரத்தின் முனையும் ஓரத்தைத் தொடாமல் உள்ளே மிதக்கும். தைத்தவர் தன் கையைத்தான் குறை சொல்லுவார். கைமேல் பழியே இல்லை, குற்றம் புள்ளிக்கோட்டுடையது.

ஆகவே பெரிதாக்கியதும் முதல் வேலை, வெளிக்கோட்டைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுங்கள். தையல் கோட்டிலிருந்து கால் அங்குலம் அளந்து, புதிதாக ஒரு கோடு போடுங்கள். நான்கு துண்டுகளுக்கும், எல்லாப் பக்கமும். சிறிதாக்கினாலும் இதே வேலைதான். அங்கே ஆபத்து எதிர்ப்பக்கம்: 50 விழுக்காட்டில் ஓரம் அரைக்கால் அங்குலமாகிவிடும், இரண்டு சலவையில் பிரிந்து வாயைத் திறக்கும்.

நம் ஊர்த் தாள், அவர்கள் ஊர் அங்குலம்

குவில்ட் வரைபடங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே தாள் என்றால் லெட்டர் அளவு, 8.5க்கு 11 அங்குலம். நமக்குத் தாள் என்றால் ஏ4, 210க்கு 297 மில்லிமீட்டர். ஏ4 கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் உயரம். அகலத்தில் வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர்தான். ஆனால் அச்சிடும்போது கணினி ‘தாளுக்குப் பொருத்தவா?’ என்று அன்பாகக் கேட்கும், நாமும் சரி என்போம். மூன்று விழுக்காடு சுருங்கினாலே ஆறு அங்குலம் 5.82 ஆகிவிடும். எனவே ‘உண்மை அளவு’ அல்லது 100 விழுக்காடு என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிதாக்குகிறீர்கள் என்றால் அந்தப் பெட்டியிலேயே 150 என்று தட்டச்சு செய்யலாம்.

பெரும்பாலான வரைபடங்களில் ஓர் ஓரத்தில் ஓர் அங்குலச் சதுரம் ஒன்று இருக்கும், சரிபார்ப்பதற்கு. நம் வீட்டு அளவுகோல் சென்டிமீட்டரில் இருந்தால் அது 2.54. 150 விழுக்காட்டில் 3.81 வர வேண்டும். நான் அந்தச் சின்னச் சதுரத்தை அவ்வளவாக நம்புவதில்லை. அரை மில்லிமீட்டர் தவறு அதில் தெரியாது, அதே தவறு ஒன்பது அங்குலத்தில் பல மடங்காகிவிடும். மேல் வரிசையின் முழு நீளத்தை அளந்து பாருங்கள். 22.86 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. சில பழைய நகல் இயந்திரங்கள் தாள் போகும் திசையில் கொஞ்சம் இழுத்துவிடும்.

நகலை நகல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் மூலத் தாளையே வையுங்கள். கடைக்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கும், “எல்லாம் ஒண்ணுதான்” என்பார். ஒன்றல்ல. முதல் நகலில் வந்த சிறு பிழை இரண்டாவதில் பெருகி, மூன்றாவதில் இன்னும் பெருகும். முப்பத்தைந்து பிளாக்குக்கு முப்பத்தைந்து தாளும் ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் எடுத்துவிடுவது நல்லது.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே தாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குல பிளாக்கின் மேல் வரிசை ஓரத்தோடு ஒன்பதரை அங்குலம். ஏ4இன் நீளம் 11.7 அங்குலம், தாராளமாக அடங்கும். பன்னிரண்டு அங்குலமாக்கினால் பன்னிரண்டரை வரும், ஏ4 பற்றாது, ஏ3 வேண்டும், இல்லையென்றால் இரண்டு தாளை ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் ஒட்டுநாடா உருகும். அக்காவின் நான்கு துண்டுகளும் மூலத்தில் ஒரே பக்கத்தில் இருந்தன. 150 விழுக்காட்டில் ஒரே ஏ3 தாளில் நகல் எடுக்க முடிந்தது.

இஸ்திரி என்றதும் ஞாபகம் வருகிறது: நீராவி வேண்டாம். தாள் ஈரம் குடித்தால் நெளியும், நெளிந்த தாள் அளவு மாறும். உலர்ந்த சூடு போதும்.

துணி பத்துமா?

இனி அக்காவின் உண்மையான கேள்வி. நான் முதலில் எதிர்பார்த்த பதில் எல்லாரும் எதிர்பார்க்கும் பதில்தான்: பெரிய பிளாக் என்றால் துணி அதிகம். ஒரு பிளாக்கை மட்டும் பார்த்தால் அது சரி. பக்கம் ஒன்றரை மடங்கானால் பரப்பு 2.25 மடங்கு. பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆனால் போர்வையின் அளவு மாறவில்லையே! பிளாக் பெரிதானால் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் தையலுக்குள் மறையும் துணியும் குறைகிறது.

இதைக் கையில் ஒரு சதுரத்தை வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலம் வெளியே தெரிய வேண்டுமென்றால் ஒன்றரை அங்குலம் வெட்ட வேண்டும். ஒரு சதுர அங்குலம் தெரிவதற்கு 2.25 சதுர அங்குலம் செலவு, பாதிக்குமேல் உள்ளே போய்விடுகிறது. மூன்று அங்குலச் சதுரத்துக்கு மூன்றரை வெட்டினால் 12.25இல் 9 தெரிகிறது, கால்பங்கு போலத்தான் மறைகிறது. சின்னச் சின்னத் துண்டாகத் தைத்தால் துணி மிச்சம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. துண்டுகள் ஏற்கெனவே சின்னதாக மிஞ்சியிருந்தால் அது சரி. முழுச் சட்டையை எடுத்து வெட்டப் போகிறவருக்கு அது தலைகீழ்.

அக்காவும் நானும் குரல் பதிவிலேயே கணக்குப் போட்டோம். அவர் மூன்று சட்டைகளையும் தையல் பிரிக்காமலே அளந்தார். முதுகுப்பக்கம் 20க்கு 26 அங்குலம், முன்பக்கம் இரண்டும் 9க்கு 26, அரைக்கை இரண்டும் 8க்கு 16. ஒரு சட்டைக்கு 1,244 சதுர அங்குலம். மூன்றுக்கும் 3,732.

தாள்முறையில் துண்டைச் சற்றுத் தாராளமாகத்தான் வெட்ட வேண்டும், துணி திரும்பும்போது ஓரம் மூடாமல் போனால் எல்லாம் வீண். முனைகளுக்கு, முக்கோணத்தின் குட்டைப் பக்கத்தோடு ஒன்றேகால் அங்குலம் கூட்டிச் சதுரம் வெட்டி, அதைக் குறுக்கே இரண்டாக்குவது வழக்கம். நடுச்சதுரத்துக்கு ஓர் அங்குலம் கூட்டினோம்.

ஆறு அங்குல நட்சத்திரத்தில் நடுச்சதுரம் 3 அங்குலம், முனையின் பக்கம் ஒன்றரை. ஒரு பிளாக்குக்குச் சட்டைத்துணி 46.25 சதுர அங்குலம். 48க்கு 60 போர்வைக்கு எட்டுக்குப் பத்து, எண்பது பிளாக். மொத்தம் 3,700. இருப்பது 3,732. காகிதத்தில் பத்துகிறது. மேசையில் பத்தாது. காலர் ஓரம் நைந்திருக்கிறது, சட்டைப்பை பிரித்த இடம் நிறம் மாறியிருக்கிறது, ஒரு கையில் எண்ணெய்க் கறை. ஒரு துண்டு தவறினாலும் மாற்றுத் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஒன்பது அங்குலத்தில் நடுச்சதுரம் 4.5, முனை 2.25. ஒரு பிளாக்குக்கு 79.25. ஐந்துக்கு ஏழு, முப்பத்தைந்து பிளாக், போர்வை 45க்கு 63 அங்குலம். மொத்தம் 2,774. கிட்டத்தட்ட ஆயிரம் சதுர அங்குலம் மிச்சம். போர்வையின் பரப்பில் முந்தியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பன்னிரண்டு அங்குலத்துக்குப் போனால் இருபது பிளாக், 2,425 போதும்.

அப்படியென்றால் பன்னிரண்டுதானே சிறந்தது என்று கேட்கலாம். துணியை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் வரைபடத்தைப் பெரிதாக்கலாமே தவிர, துணியில் அச்சான கட்டத்தைப் பெரிதாக்க முடியாது. அப்பாவின் நீலச்சட்டையில் கட்டம் ஏறத்தாழ முக்கால் அங்குலம். ஆறு அங்குல பிளாக்கின் முனையில் ஒன்றரைக் கட்டம்கூட முழுதாகத் தெரியாது, அது எந்தச் சட்டை என்றே சொல்ல முடியாது. பன்னிரண்டு அங்குலத்தில் நடுச்சதுரம் ஆறு அங்குலம், துணி தெளிவாகத் தெரியும், ஆனால் நட்சத்திரம் தூரப்போய்விடும். மூன்று சட்டை மட்டும் இருக்கும் போர்வையில் இருபது நட்சத்திரம் வெறிச்சென்று இருக்கும். என் ஆலோசனை ஒன்பது. அக்கா ஒரு பழைய துண்டுத்துணியில் மூன்று அளவிலும் ஒவ்வொன்று தைத்து, சோபாவில் போட்டு, அம்மாவைக் கேட்டார். அம்மா ஒன்பதைத் தொட்டாராம்.

இன்னொரு வழியும் சொன்னேன். நம் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலம் பெரிதாக வேண்டுமென்றால் புள்ளிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டலாம். அல்லது கோலத்தை அப்படியே விட்டுச் சுற்றிலும் காவிப்பட்டை போடலாம். குவில்ட்டிலும் அப்படியே. ஆறு அங்குல நட்சத்திரத்தை அதே அளவில் தைத்து, நான்கு பக்கமும் ஒன்றரை அங்குல வெள்ளைப் பட்டை வைத்தால் ஒன்பது அங்குல பிளாக் ஆகிவிடும். சட்டைத்துணி 1,619 சதுர அங்குலமே ஆகும், ஒன்றரைச் சட்டைக்குள் முடிந்துவிடும். துணி இன்னும் குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “சட்டம் போட்டு மாட்டின படம் மாதிரி இருக்கும்மா. அது வீட்டில ஏற்கெனவே இருக்கு” என்றார்.

கண்ணாடிப் பிம்பமும் ஒரு சிறைச்சாலையும்

அளவு மாற்றும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தாளின் முன்பக்கம் தைக்கிறோம், துணி பின்பக்கம். ஆகவே தைத்து முடித்த பிளாக் வரைபடத்தின் கண்ணாடிப் பிம்பமாக வரும். நட்சத்திரம் இருபக்கமும் ஒன்றாக இருப்பதால் பிரச்சினை இல்லை. பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தைத் தைக்க நினைப்பவர்கள் அச்சிடும்போதே இடவலமாகத் திருப்பிவிட வேண்டும். தமிழில் இதற்கு வாகான எழுத்துகள் கொஞ்சம்தான். நேர்கோடாக எழுதினால் ‘ப’ எப்படித் திருப்பினாலும் ‘ப’தான். ‘ட’வும் நேர்கோடுதான், ஆனால் திருப்பாவிட்டால் முகம் மாறிவிடும். இ, ஐ, ஞ போன்றவற்றைப் பெயரில் வைத்திருப்பவர்கள் தாளை விட்டுவிட்டு எம்பிராய்டரிக்குப் போவது நல்லது. நேர்கோட்டுக்குத்தான் இந்த முறை.

சிறிதாக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே நட்சத்திரத்தை மூன்று அங்குலமாக்கி ஊசி குத்தும் தலையணை செய்யலாம், முனையின் பக்கம் முக்கால் அங்குலம், தைக்க முடியும். இரண்டு அங்குலமாக்கினால் முனை அரை அங்குலம். இரண்டு பக்கத்திலிருந்தும் கால் கால் அங்குல ஓரம் உள்ளே வந்து நடுவில் சந்திக்கும். துணிக்குப் பதில் தையல்களைத்தான் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். உள் ஓரங்களை அரைக்கால் அங்குலமாக நறுக்கினால் ஓரளவு தணியும். அதற்குக் கீழே போக நான் யாருக்கும் சொல்வதில்லை.

தாளை வைத்துத் தைப்பது புதிதல்ல. கையால் தைக்கும் முறையில் ஒவ்வொரு துணித்துண்டையும் ஒரு தாள் வடிவத்தின்மேல் மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்ப்பார்கள். பிரிட்டனில் 1718ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட ஒரு பட்டு ஒட்டுவேலைப் போர்வை இருக்கிறது. தைத்தபோது வைத்த தாள்கள் இன்னும் அதற்குள்ளேயே உள்ளன. அந்த வகையில் அதிகம் தைக்கப்படுவது அறுகோணம். அறுகோணத்தில் அளவு என்றால் ஒரு பக்கத்தின் நீளம். ஓர் அங்குல அறுகோணம் மூலைக்கு மூலை இரண்டு அங்குலம், பக்கத்துக்குப் பக்கம் 1.73. இது தெரியாமல் அகலத்தை அளந்து விழுக்காடு போட்டால் பக்கத்தில் சேர வேண்டியது சேராது.

அறுகோணம் என்றால் எனக்குச் சாங்கி ஞாபகம் வரும். ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட சிறுமிகள், தங்களுக்குச் சாரணியர் குழு நடத்திய எலிசபெத் என்னிஸ் என்ற தாதிக்குப் பிறந்தநாள் பரிசாக அறுகோணத் துண்டுகளைப் பூப்பூவாகச் சேர்த்து ஒரு குவில்ட் தைத்தார்கள். கிடைத்த துணியெல்லாம் அதில் இருக்கிறது. இப்போது அது லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே சிறையில் 1942இல் பெண்கள் மூன்று குவில்ட்டுகள் செய்தார்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஆளுக்கொரு சதுரத்தில் பூவேலை செய்து பெயரும் தைத்தார்கள். வேறு முகாமில் இருந்த கணவனோ அண்ணனோ அந்தப் பெயரைப் பார்த்தால் இவள் உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம். அத்தனை பேர் தனித்தனியே தைத்தது ஒன்றாகச் சேர்ந்ததற்குக் காரணம், எல்லாருக்கும் ஒரே அளவில் துணி கொடுத்ததுதான்.

அக்காவின் வீட்டுக்கு வருவோம். அவர் ஏ3 தாள்களில் புதிய ஓரக்கோடுகளை இரண்டு இரவுகளில் வரைந்து முடித்தார். துணியை வெட்டுவதற்கு முன் மூன்று சட்டைகளையும் துவைத்துவிடச் சொன்னேன், சுருங்குவது முன்பே சுருங்கிவிடட்டும் என்று. அம்மா நீலச்சட்டையை மட்டும் துவைக்க விடவில்லை. அதில் இன்னும் வாசம் இருக்கிறதாம். பழைய பருத்தி, பல வருடம் துவைத்தது, இனிச் சுருங்க என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசியாக வந்த குரல் பதிவின்படி 22 நட்சத்திரங்கள் முடிந்திருக்கின்றன. தாள்களை இன்னும் கிழிக்கவில்லை. பக்கத்துப் பிளாக்கோடு சேர்த்துத் தைத்தபின் கிழித்தால் ஓரம் இழுபடாது. மிஞ்சிய துணியில் நீலச்சட்டையின் பை அப்படியே இருக்கிறது. போர்வையின் பின்பக்கத்தில் அதை வைத்துத் தைக்கலாமா என்று அக்கா கேட்டிருந்தார். வைக்கலாம். பைக்கு எந்த விழுக்காடும் வேண்டாம், அது சட்டையில் இருந்த அளவிலேயே இருக்கட்டும் என்று பதில் அனுப்பினேன்.